ஃபிட்ஸ்ராய்: ஒரு புறநகர்க் கழகத்தின் பதிவேடும் அதன் எல்லைகளும்

மெல்பர்ன் மாநகரின் மையப் பகுதியை ஒட்டி அமைந்த உழைப்பாளர் புறநகரான ஃபிட்ஸ்ராயில் 1883இல் தொடங்கப்பட்ட கால்பந்துக் கழகத்தின் கணக்கு, ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கின் ஏடுகளில் 1,928 ஆட்டங்கள், 869 வெற்றிகள், 1,034 தோல்விகள், 25 சமநிலைகள், 8 பிரீமியர்ஷிப்புகள், அதாவது பருவ முடிவில் வழங்கப்படும் வாகையர் பட்டங்கள், என்று முடித்து வைக்கப்பட்டுள்ளது. இந்த எண்களைக் கூட்டிச் சரிபார்ப்பவருக்குப் பிழை எதுவும் தென்படாது. ஆயினும் எந்த ஆட்டம் எண்ணத் தக்கது, எண்ணிக்கை எந்த ஆண்டில் தொடங்குகிறது, யார் எப்போது அதை முடித்து வைக்கலாம் என்பவை ஆடுகளத்துக்கு வெளியே தீர்மானிக்கப்பட்டவை. அத்தீர்மானங்களைக் கணக்கில் கொள்ளாமல் ஃபிட்ஸ்ராயின் பதிவேட்டை அக்கழகத்தின் வரலாறாகப் படிப்பது தவறான முடிவுகளுக்கே இட்டுச்செல்லும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதற்சிக்கல் தொடக்கத்திலேயே எழுகிறது. ஃபிட்ஸ்ராய் 1884இல் விக்டோரியக் கால்பந்துச் சங்கத்தில் சேர்ந்து, 1895இல் அதன் பிரீமியர்ஷிப்பை வென்றது. அதற்கு அடுத்த ஆண்டு, வலுவான எட்டுக் கழகங்கள் சங்கத்தை விட்டுப் பிரிந்து விக்டோரியக் கால்பந்து லீக்கை அமைத்தபோது அவற்றுள் ஃபிட்ஸ்ராயும் ஒன்றாக இருந்தது. 1897இல் முதற்பருவத்தை ஆடிய அந்த லீக்கே பின்னாளில் ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் என்று பெயர் மாறியதால், இன்றைய அதிகாரப்பூர்வக் கணக்கு 1897க்கு முந்தைய எதையும் ஏற்பதில்லை. 1895இன் பட்டம் எட்டில் சேராததைப் போலவே, எசெண்டன் 1891 முதல் 1894 வரை தொடர்ந்து வென்ற நான்கு பட்டங்களும் அக்கழகத்தின் கணக்கில் இல்லை. இந்த எல்லைக்கு ஒரு நியாயமும் உண்டு. முட்டை வடிவப் பந்தை நடுவிலுள்ள இரு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்து அனுப்பினால் ‘கோல்’ என்றும், பக்கக் கம்பங்களுக்கு இடையே சென்றால் ‘பிஹைண்ட்’ என்றும் கொள்ளும் இவ்வாட்டத்தில், கோலுக்கு 6 புள்ளி, பிஹைண்டுக்கு 1 புள்ளி என்ற கணக்கு 1897இல்தான் லீக்கில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வெற்றி தோல்வியைக் கோல்கள் மட்டுமே முடிவு செய்தன. புள்ளிகளை ஒப்பிட முடியாது என்பது சரி. ஆனால் புள்ளிகளை ஒப்பிட முடியாமை பட்டத்தை மறக்கப் போதிய காரணம் ஆகாது.

ஏற்கப்பட்ட எட்டுப் பட்டங்களும் (1898, 1899, 1904, 1905, 1913, 1916, 1922, 1944) ஒரே தரத்தவை அல்ல என்பதற்கு 1916 நல்ல சான்று. முதல் உலகப் போரினால் ஏனைய கழகங்கள் விலகிக்கொள்ள, கார்ல்டன், காலிங்வுட், ரிச்மண்ட், ஃபிட்ஸ்ராய் ஆகிய நான்கு அண்டைப் புறநகர்க் கழகங்கள் மட்டுமே அப்பருவத்தில் ஆடின. பன்னிரண்டு ஆட்டங்களில் இரண்டை வென்று, ஒன்பதில் தோற்று, ஒன்றைச் சமன் செய்து ஃபிட்ஸ்ராய் பட்டியலின் கடைசியில் நின்றது. இருப்பதே நான்கு அணிகள் என்பதால் நான்கும் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றன. ஃபிட்ஸ்ராய் முதலில் காலிங்வுட்டையும் பின்னர் கார்ல்டனையும் தோற்கடித்தது. பருவத்தில் முதலிடம் பெற்ற அணி தோற்றால் மறு ஆட்டம் கோரலாம் என்ற அக்கால விதிப்படி கார்ல்டன் மீண்டும் மோதியபோது, ஃபிட்ஸ்ராய் 85க்கு 56 என்று அதனை மறுபடியும் வென்றது. கடைசி இடமும் வாகையும் ஒரே ஆண்டில் ஒரே அணிக்கு வாய்த்த இந்நிகழ்வை வெறும் வேடிக்கையாகச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். உண்மையில், பட்டம் என்பது இறுதிச் சுற்று விதியின் விளைபொருள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆண்டு வேறில்லை.

ஆட்டக்காரர்களின் தனிக் கணக்கிலும் இதே எல்லை குறுக்கிடுகிறது. கெவின் மரே ஃபிட்ஸ்ராய்க்காக 1955 முதல் 1964 வரையும் 1967 முதல் 1974 வரையும் 333 ஆட்டங்கள் ஆடியவர். 1969இல், நடுவர்கள் ஆட்டந்தோறும் அளிக்கும் வாக்குகளைக் கூட்டி வழங்கப்படும் பிரௌன்லோ பதக்கத்தைப் பெற்றவர். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் அவர் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஈஸ்ட் பெர்த் கழகத்துக்கு அணித்தலைவராகவும் பயிற்சியாளராகவும் இருந்து, 1966இல் அதனை இறுதி ஆட்டம் வரை கொண்டு சென்றார். ஃபிட்ஸ்ராயில் ஒருமுறைகூட அவருக்குக் கிடைக்காத அந்த மேடை, வேறொரு மாநிலத்தின் லீக் என்பதால் 333இல் இடம்பெறவில்லை. டக் நிக்கல்ஸின் நிலை இன்னும் கூர்மையானது. யோர்டா யோர்டா பழங்குடியைச் சேர்ந்த அவர், கார்ல்டனில் நிறத்தின் பேரால் ஒதுக்கப்பட்டு, பழைய சங்கத்தில் ஆடிவந்த நார்த்கோட் கழகத்தை அடைந்து, 1929இல் அதன் வாகையர் அணியில் ஆடி, 1932 முதல் 1937 வரை ஃபிட்ஸ்ராயில் விளங்கினார். 1976இல் தென் ஆஸ்திரேலிய மாநில ஆளுநராகப் பொறுப்பேற்ற இவரது பெயரால் இன்று லீக் ஆண்டுதோறும் ஒரு சுற்றையே நடத்துகிறது. ஆனால் அதே லீக்கின் ஏட்டில் அவர் 54 ஆட்டங்கள் ஆடியவர் மட்டுமே. அவரைப் புகழ் பெறச் செய்த நார்த்கோட் ஆண்டுகள் அங்கே இல்லை.

வெறும் எண் என்ற அளவில் ஃபிட்ஸ்ராயின் பெயர் நிலைத்திருப்பது 1979இல் மெல்பர்ன் அணிக்கு எதிராக அது எடுத்த 36 கோல், 22 பிஹைண்ட், மொத்தம் 238 புள்ளிகளால். மெல்பர்ன் 48 எடுத்ததால் ஏற்பட்ட 190 புள்ளி வித்தியாசம் இன்றளவும் முறியடிக்கப்படவில்லை. அதிகபட்ச மொத்தம் என்ற சாதனையை மட்டும் 1992இல் ஜீலாங் ஒரே ஒரு புள்ளியில் பறித்துக்கொண்டது. அன்று 239 புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி பிரிஸ்பேன் பேர்ஸ் என்பதும், நான்கே ஆண்டுகளில் அந்த அணியுடன்தான் ஃபிட்ஸ்ராய் இணைக்கப்பட்டது என்பதும் தற்செயலே.

அந்த இணைப்புக்கான காரணங்கள் நெடுநாளையவை. 1966 வரை தன் சொந்தப் பிரன்ஸ்விக் தெரு மைதானத்தில் ஆடிய கழகம், அதன்பின் பிரின்சஸ் பார்க், ஜங்ஷன் ஓவல், விக்டோரியா பார்க், மீண்டும் பிரின்சஸ் பார்க், கடைசியாக வெஸ்டர்ன் ஓவல் என்று பிறரது மைதானங்களில் குடியிருந்தது. தன் ஊரில் ஆடாத புறநகர்க் கழகத்துக்கு நுழைவுச்சீட்டு வருவாயும் உறுப்பினர் சேர்க்கையும் எப்படி நிலைக்கும்? 1989இல் ஃபுட்ஸ்கிரேயுடன் இணைக்கும் திட்டம் அப்புறநகர் மக்கள் பணம் திரட்டிப் போராடியதால் கைவிடப்பட்டது. 1994இல் ஃபிட்ஸ்ராய் நகராட்சியே கலைக்கப்பட்டு யாரா மாநகராட்சியில் கரைந்தது. 1996 ஜூனில், நவ்ரு தீவு நாட்டின் காப்பீட்டு நிறுவனத்திடம் பெற்ற கடனைத் திருப்ப இயலாத நிலையில் கழகம் நிர்வாகியின் பொறுப்பில் விடப்பட்டது. நார்த் மெல்பர்னுடன் இணையும் முயற்சியைப் பிற கழகங்கள் ஏற்காததால், ஜூலையில் பிரிஸ்பேனுடனான இணைப்பு முடிவானது. கடைசி ஆட்டம் செப்டம்பர் 1இல் பெர்த்தின் சுபியாகோ மைதானத்தில், ஃப்ரிமேன்டிலுக்கு எதிராக, 86 புள்ளித் தோல்வியில் முடிந்தது.

இங்கேதான் கணக்கு மூடப்படுகிறது. இணைந்த அமைப்பின் சட்டப் பெயரில் பிரிஸ்பேன் பேர்ஸ், ஃபிட்ஸ்ராய் ஆகிய இரு பெயர்களும் இடம்பெற்றன. ஆயினும் அவ்வமைப்பின் அணியான பிரிஸ்பேன் லயன்ஸை 1997இல் பிறந்த புதுக் கழகமாகவே பதிவேடு கொள்கிறது. ஆகவே 2001 முதல் 2003 வரை அது தொடர்ந்து வென்ற மூன்று பட்டங்களும் ஃபிட்ஸ்ராயின் எட்டுடன் சேர்வதில்லை. மாறாக, 1982இல் சிட்னிக்குப் பெயர்ந்த சவுத் மெல்பர்னின் 1909, 1918, 1933 பட்டங்கள் சிட்னி ஸ்வான்ஸின் கணக்கில் தடையின்றித் தொடர்கின்றன. இடம்பெயர்தல் வேறு, இணைதல் வேறு என்பது இதற்குக் கூறப்படும் மறுமொழி. அம்மறுமொழி ஓரளவே பொருந்தும். ஏனெனில் இரு நேர்வுகளிலும் புறநகரை விட்டு அணி அகன்றது, சின்னமும் ஆதரவாளர்களில் ஒரு பகுதியும் உடன் சென்றன. இரண்டையும் வேறுபடுத்துவது லீக் அளித்த உரிமத்தின் தொடர்ச்சி மட்டுமே.

தொடர்ச்சி என்பது வெறும் உணர்ச்சிப் பேச்சு அன்று என்பதை 2009இன் வழக்கு காட்டியது. பிரிஸ்பேன் லயன்ஸ் தன் சின்னத்தை மாற்றியபோது, ஃபிட்ஸ்ராயின் சிங்க உருவை நிரந்தரமாகப் பயன்படுத்த இணைப்பு ஒப்பந்தம் கடமைப்படுத்துகிறது என்று கூறி ஃபிட்ஸ்ராய் நீதிமன்றம் சென்றது; அடுத்த ஆண்டு சமரசம் ஏற்பட்டுப் பழைய சின்னமும் புழக்கத்தில் நீடித்தது. இறந்துவிட்ட ஒரு கழகம் வழக்குத் தொடுத்திருக்க முடியாது. நிர்வாகியின் பொறுப்பிலிருந்து மீண்ட அதே ஃபிட்ஸ்ராய், 2009 முதல் விக்டோரிய அமெச்சூர் கால்பந்துச் சங்கத்தில், பிரன்ஸ்விக் தெரு மைதானத்தில், 1888இன் பார்வையாளர் மாடத்துக்கு முன்பாக மீண்டும் ஆடி வருகிறது. ஆகவே ஃபிட்ஸ்ராயின் ஆட்டக் கணக்கைத் தொகுக்கும் ஆய்வாளர் 1884 முதல் 1896 வரை சங்கத்திலும், 1897 முதல் 1996 வரை லீக்கிலும், 2009 முதல் அமெச்சூர் போட்டியிலும் ஆடியவற்றைத் தனித்தனிப் பகுதிகளாகக் காட்டி, அவற்றைக் கூட்டாமலும் எதையும் விடாமலும் தருவதே முறையாகும். 1,928 என்பது அவற்றுள் நடுப்பகுதியின் தொகை.