பன்றிக்கா, மனிதனுக்கா? டென்மார்க் 1917

புலால் உணவைப் பற்றி நம் ஊரில் பேச்செடுத்தால் ஐந்து நிமிடத்தில் அது சாதியிலோ மதத்திலோ போய் முட்டிக்கொண்டு நிற்கும். சாப்பிடுகிறவர்கள் ஒரு படி தாழ்ந்தவர்கள் என்று ஒருவர் சொல்லாமல் சொல்வார். "என் இலையில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்ல நீ யார்?" என்று இன்னொருவர் எழுந்துவிடுவார். இரண்டாமவரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில் "நீங்க சைவமா?" என்ற கேள்வியைக் கேட்டுத் திரும்பியவர்களுக்கு அது புரியும். நான் அசைவக் குடும்பத்தில் பிறந்தவன், இன்றும் சாப்பிடுகிறவன். ஆனாலும் இறைச்சியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் என்ன என்ற கேள்வியை, இந்தச் சண்டைக்கு வெளியே வைத்து நிதானமாகப் பேச வேண்டும் என்று எனக்குப் பல நாள் ஆசை.

அதற்குத் தோதாக வரலாற்றில் ஒரு சம்பவம் இருக்கிறது. சாதி, சமயம், ஜீவகாருண்யம் எதுவும் குறுக்கே வராமல், வெறும் தானியக் கணக்கை மட்டும் வைத்து ஒரு நாடு தன் இறைச்சியைக் குறைத்தது. அந்த நாடு டென்மார்க். ஆண்டு 1917.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை டென்மார்க் தானியம் விற்ற நாடு. 1864-ல் பிரஷ்யாவோடு நடந்த போரில் தோற்று, தெற்கே இருந்த வளமான மாநிலங்களை இழந்தது. அந்தக் காயம் ஆறுவதற்குள் இன்னொரு அடி. 1870-களில் ரயிலும் நீராவிக் கப்பலும் சேர்ந்து அமெரிக்கக் கோதுமையையும் ரஷ்யத் தானியத்தையும் ஐரோப்பியச் சந்தையில் மலிவாகக் கொண்டுவந்து கொட்டின. டேனிஷ் விவசாயியின் தானியம் விலை போகவில்லை.

நம் ஊர் விவசாயியாக இருந்தால் கடன் வாங்கியிருப்பார், அல்லது நிலத்தை விற்றிருப்பார். டேனிஷ்காரர்கள் கணக்கைத் தலைகீழாகத் திருப்பினார்கள். தானியம் மலிவாக வருகிறதா, வரட்டும். அதை வாங்கி மாட்டுக்கும் பன்றிக்கும் போடுவோம்; வெண்ணெயையும் பன்றி இறைச்சியையும் விற்போம் என்று முடிவு செய்தார்கள். 1882-ல் யெடிங் என்ற ஊரில் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை வந்தது. 1887-ல் ஹோர்சென்ஸ் நகரில் முதல் கூட்டுறவுப் பன்றி இறைச்சி ஆலை வந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. வெண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் கொழுப்பு நீக்கிய பால் பன்றிக்குப் போகும். பன்றி உப்பிட்ட இறைச்சியாகி இங்கிலாந்துக்குப் போகும். லண்டன்காரனின் காலைப் பலகாரத்தை டேனிஷ்காரன் அனுப்பினான். கூட்டுறவு பற்றிப் படித்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. பன்றிகள் டென்மார்க்கில் இருந்தன. அவற்றின் தீவனம் கடலுக்கு அப்பால் இருந்தது.

1914-ல் முதல் உலகப் போர் வந்தபோது டென்மார்க் நடுநிலை வகித்தது. அப்போது நாட்டில் மக்கள் சுமார் 30 லட்சம் பேர். பன்றிகள் சுமார் 25 லட்சம். மாடுகளையும் சேர்த்தால் மனிதர்களைவிடக் கால்நடைகள் அதிகம். முதல் இரண்டு மூன்று வருடம் இரண்டு பக்கமும் விற்று நல்ல லாபம் பார்த்தார்கள். 1917 பிப்ரவரியில் ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் கண்ட கப்பலை எல்லாம் மூழ்கடிக்கத் தொடங்கின. ஏப்ரலில் அமெரிக்காவும் போரில் இறங்கியது. நேச நாடுகளின் முற்றுகை இறுகியது. தானியக் கப்பல் வரத்து நின்றது.

இப்போது கேள்வி நேரடியாக வந்து நின்றது. நாட்டில் இருக்கிற தானியமும் உருளைக்கிழங்கும் இவ்வளவுதான். இதைப் பன்றிக்குப் போடுவதா, மனிதனுக்குப் போடுவதா?

இங்கேதான் மிக்கெல் ஹின்ட்ஹெடே என்ற மருத்துவர் வருகிறார். 1862-ல் பிறந்தவர், மேற்கு யூட்லாந்தின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ரை தானிய ரொட்டி, கஞ்சி, உருளைக்கிழங்கு, பால் என்று வளர்ந்தவர். அந்தக் காலத்து மருத்துவ உலகத்தில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஃபான் ஃபாய்ட் சொன்னதுதான் வேதம். உழைக்கும் மனிதனுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம் வேண்டும், அதில் கணிசமான பங்கு இறைச்சியிலிருந்து வர வேண்டும் என்பது அது. கிராமத்தில் தன் ஜனங்கள் அதில் பாதிகூடச் சாப்பிடாமல் நாள் முழுக்க உழைத்ததைப் பார்த்தவர் ஹின்ட்ஹெடே. அவருக்குச் சந்தேகம் வந்தது. தன் மீதும் தன் குடும்பத்தின் மீதும் சோதனை செய்தார். பிறகு அரசே கோபன்ஹேகனில் அவருக்கு ஓர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்தது. அங்கே மாட்சென் என்ற உதவியாளர் உருளைக்கிழங்கையும் மார்கரினையும் மட்டுமே மாதக்கணக்கில் சாப்பிட்டு, கடும் உடலுழைப்பும் செய்து காட்டினார்.

ஹின்ட்ஹெடே மிருகங்களுக்காக இரங்கிப் பேசியதாகத் தெரியவில்லை. அவர் கவலை எல்லாம் ஏழை வீட்டுச் செலவைப் பற்றியது. தொழிலாளி தன் கூலியை இறைச்சிக் கடையில் கொட்டுவது வீண் என்பதே அவர் வாதம்.

1917-ல் அரசு அவரிடம் யோசனை கேட்டது. அவர் சொன்னது எளிமையானது. பன்றி ஒரு கிலோ எடை கூட மூன்று நான்கு கிலோ தானியம் தின்னும். அந்தத் தானியத்தை மனிதன் நேராகத் தின்றால் யாரும் பட்டினி கிடக்க வேண்டாம். பன்றிகளைக் குறையுங்கள். ரை தானியத்தைத் தவிடு நீக்காமல் அரைத்து, கோதுமைத் தவிடும் பார்லியும் கலந்து ரொட்டி சுடுங்கள். சாராயம் காய்ச்சத் தானியமும் கிழங்கும் போவதை நிறுத்துங்கள். பால் மாடுகளில் பெரும்பகுதியை விட்டுவையுங்கள்.

அப்படியே நடந்தது. உள்துறை அமைச்சர் ஓவ ரோடெ பங்கீட்டையும் விலைக் கட்டுப்பாட்டையும் நடத்தினார். ஒரு வருடத்துக்குள் ஐந்தில் நான்கு பங்கு பன்றிகள் போய்விட்டன. அக்வாவிட் என்ற அவர்கள் ஊர்ச் சாராயத்தின் விலை வரியால் பத்து மடங்குக்கு மேல் ஏறியது. தவிட்டு ரொட்டி, பார்லிக் கஞ்சி, உருளைக்கிழங்கு, காய்கறி, பால், கொஞ்சம் வெண்ணெய். கோபன்ஹேகன் நகரவாசிக்கு ஒரு வருடம் இதுதான் சாப்பாடு. பன்றி இறைச்சி கண்ணில் படவே இல்லை என்று சொல்லலாம். மாட்டிறைச்சி வசதி உள்ளவர்களுக்கு மட்டும் கிடைத்தது.

விளைவு என்ன? 1917 அக்டோபர் முதல் 1918 அக்டோபர் வரையிலான ஓராண்டில் கோபன்ஹேகனில் நோயால் இறந்தவர்களின் விகிதம் முந்தைய ஆண்டுகளைவிட 34 சதவீதம் குறைந்தது என்று, 1920-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஹின்ட்ஹெடே எழுதினார். சுற்றியிருந்த ஐரோப்பா பசியில் வாடியபோது இந்தச் சிறிய நாடு பட்டினியைப் பார்க்கவில்லை.

நிற்க. இந்தக் கதையைச் சைவ உணவுப் பிரசாரகர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். நாம் அப்படிச் செய்தால் வரலாறு ஆகாது. மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது, அந்த வருடம் குறைந்தது இறைச்சி மட்டும் அல்ல. சாராயமும் பெருமளவு குறைந்தது. மரணம் குறைந்ததில் எது இறைச்சியின் பங்கு, எது சாராயத்தின் பங்கு என்று பிரிக்க முடியாது. மதுக்கடையால் எத்தனை வீடுகள் போயின என்று பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த ஓராண்டுக் கணக்கு ஸ்பானிஷ் காய்ச்சலின் பெரிய அலைக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஜெர்மனி. அங்கேயும் 1915 வசந்த காலத்தில் பேராசிரியர்கள் இதே கணக்கைச் சொன்னார்கள். பல லட்சம் பன்றிகளை வெட்டினார்கள். ஆனால் மிச்சமான தானியமும் கிழங்கும் ஒழுங்காக மக்களிடம் போய்ச் சேரவில்லை. 1916-ல் உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்தது. மாட்டுக்குப் போடும் ஒருவகைக் கிழங்கைத் தின்று மக்கள் ஒரு குளிர்காலத்தை ஓட்டினார்கள். போர் முடிவதற்குள் லட்சக்கணக்கான பொதுமக்கள் ஊட்டமின்றி இறந்தார்கள். பன்றியை வெட்டியதால் மட்டும் யார் வயிறும் நிறைந்துவிடாது. மிச்சமானது யாருக்குப் போகிறது என்பதை யாராவது பொறுப்பாகப் பார்க்க வேண்டும். டென்மார்க் பார்த்தது.

மூன்றாவதுதான் என் மனத்தை மிகவும் தொட்டது. கோபன்ஹேகனில் கார்ல் பிளாக் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். அந்தப் பத்தாண்டில் டேனிஷ் ஏழைக் குழந்தைகளுக்குக் கண் வறண்டு, சிலருக்குப் பார்வையே போய்க்கொண்டிருந்ததை அவர் கவனித்தார். நம் ஊரில் மாலைக்கண்ணில் தொடங்கும் அதே வைட்டமின் ஏ குறைபாடுதான். உலகத்துக்கே வெண்ணெய் விற்ற நாட்டில் எப்படி? காரணம் அதுவேதான். வெண்ணெய் ஏற்றுமதிக்குப் போனது. ஏழைக் குழந்தைக்குக் கொழுப்பு நீக்கிய பாலும் மார்கரினும் மிஞ்சின. 1917 டிசம்பரில் வெண்ணெய்க்கும் பங்கீடு வந்தது. ஆளுக்கு வாரம் கால் கிலோ, கட்டுப்பாடான விலையில். 1918-ல் அந்தக் கண் நோய் ஏறக்குறைய மறைந்தே போனது. போர் முடிந்து பங்கீடு எடுக்கப்பட்டதும் திரும்பி வந்தது.

இதை இரண்டு முறை படித்துப் பாருங்கள். ஒரே நாடு, ஒரே வருடம். பெரியவர்கள் இறைச்சியைக் குறைத்து நன்றாக இருந்தார்கள். குழந்தைகள் கொஞ்சம் வெண்ணெய் கிடைத்ததால் பிழைத்தார்கள். விலங்கிலிருந்து வரும் உணவு விஷம் என்று இந்த வரலாறு சொல்லவில்லை. இருப்பவன் அளவு மீறித் தின்னும்போது இல்லாதவனின் பங்கு எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் குறைகிறது என்று சொல்கிறது.

போர் முடிந்ததும் தானியக் கப்பல்கள் வந்தன, பன்றிகளும் வந்தன. இன்று டென்மார்க்கில் மக்கள் சுமார் 60 லட்சம். ஆண்டுக்கு உற்பத்தியாகும் பன்றிகள் ஏறக்குறைய 3 கோடி. அவற்றின் தீவனத்தில் தென் அமெரிக்காவின் சோயாவும் இருக்கிறது. பெரும்பாலான பன்றிகள் கொட்டகைக்குள் பிறந்து கொட்டகைக்குள்ளேயே வளர்ந்து லாரி ஏறுகின்றன. நெருக்கத்தில் ஒன்றின் வாலை ஒன்று கடித்துவிடும் என்பதற்காகக் குட்டியிலேயே வாலை நறுக்கிவிடுகிறார்கள். எங்கள் தெருவில் திரிந்த பன்றி எவ்வளவு அழுக்காக இருந்தாலும், வெயிலையும் மழையையும் பார்த்துத்தான் வாழ்ந்தது. கொல்வது பாவமா என்ற பழைய கேள்வியைவிட, வாழவிடாமல் வளர்ப்பது சரியா என்ற புதிய கேள்வி எனக்குக் கனமாகத் தெரிகிறது.

அதே டென்மார்க்கில் 2024 நவம்பரில் அரசும் கட்சிகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கால்நடைகள் வெளியிடும் வெப்ப வாயுக்களுக்கு 2030 முதல் வரி. உலகில் இப்படி ஒரு வரிக்கு உடன்பட்ட முதல் நாடு அது என்று சொல்லப்பட்டது. 1917-ல் கணக்குக் கேட்டது நீர்மூழ்கிக் கப்பல். இப்போது கேட்பது வானம். கால்நடை வளர்ப்பால் வரும் வாயுக்கள் மனிதன் உண்டாக்கும் மொத்தத்தில் 14.5 சதவீதம் என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013-ல் கணக்கிட்டது. உலகில் விளையும் தானியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கால்நடைத் தீவனமாகப் போகிறது. ஹின்ட்ஹெடே எழுப்பிய கேள்வி இன்னும் தீரவில்லை.

நம் பக்கமும் பாருங்கள். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் போனால் சாலையின் இரண்டு புறமும் மக்காச்சோளம். அதில் பெரும்பகுதி நாமக்கல், பல்லடம் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகிறது. கோழி பன்றியைவிடக் குறைவாகத்தான் தின்னும், உண்மை. ஆனால் நாம் கோழி தின்பது எவ்வளவு கூடிவிட்டது! என் சிறுவயதில் விருந்தாளி வந்தாலோ தீபாவளி வந்தாலோதான் வீட்டில் கோழி அடிப்பார்கள். ஒரு கோழியில் பத்துப் பேர் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவோம். அது வறுமையும்தான், அந்த நாட்களை நான் மெச்சவில்லை. இன்று வாரத்தில் நாலு நாள் கோழி இருந்தும், அந்தக் குழம்புக்கு இருந்த மரியாதை அதற்கு இல்லை.

ஆகவே யாரையும் விட்டுவிடச் சொல்லவில்லை. சத்துணவில் குழந்தைக்குப் போடும் முட்டையில் யாரும் கை வைக்கக் கூடாது. கோபன்ஹேகன் குழந்தைகளின் கண்ணே அதற்குச் சாட்சி. தினம் கிடைக்காதவர்களிடம் குறைக்கச் சொல்வது அநியாயம். குறைக்க வேண்டியவர்கள் நம்மைப் போல ஓய்வூதியமும் குளிர்சாதனப் பெட்டியும் உள்ளவர்கள். நாலு நாளை இரண்டாக்கலாம். இலையில் கறியின் அளவைக் குறைத்து, பக்கத்தில் ஒரு சுண்டலோ கீரைக் கடையலோ கூட்டிக்கொள்ளலாம். நம் வயதுக்கு மருத்துவர் சொல்வதும் அனேகமாக அதுவே.

டேனிஷ்காரர்கள் அந்த ஒரு வருடத்தில் யாரும் சந்நியாசி ஆகவில்லை. அளவு குறைந்தது, பங்கு சமமானது. அவ்வளவுதான்.