சேப்பாக்கத்தில் யாருடைய அரசியல்?

இரண்டாண்டுத் தடை முடிந்து சென்னை சூப்பர் கிங்ஸ் சேப்பாக்கத்துக்குத் திரும்பிய நாள் 2018 ஏப்ரல் 10. அன்று மாலை அண்ணா சாலையிலும் வாலாஜா சாலையிலும் காவிரி மேலாண்மை வாரியம் கோரிக் கூட்டம் திரண்டிருந்தது. மஞ்சள் சட்டையோடு வந்தவர்கள் அந்தப் போராட்டத்தைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. ஆட்டத்தின் நடுவே எல்லைக்கோட்டருகே செருப்புகள் வந்து விழுந்தன. கொல்கத்தா எடுத்த 202 ரன்களைத் துரத்திப் பிடித்து சென்னை வென்றது. ஆனால் பாதுகாப்புக் கொடுக்க இயலாது என்று காவல்துறை கைவிரித்துவிட, மீதி ஆறு உள்ளூர் ஆட்டங்களும் புனேவுக்குப் போய்விட்டன. அடுத்த வாரம் சென்ட்ரலிலிருந்து கிளம்பிய தனி ரயிலில் ஆயிரம் பேர் அளவுக்கு ரசிகர்கள் தங்கள் அணியின் ‘சொந்த ஊர்’ ஆட்டத்தைப் பார்க்கப் புனே வரை போனார்கள். மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என்று கிரிக்கெட் ஊறிய வட்டாரங்களில் இப்படிப்பட்ட நேரங்களில் எழும் வாசகம் ஒன்று உண்டு: விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள். அதன் பின்னால் இருக்கும் மனக்குறை நியாயமானது என்று நினைக்கிறேன். வாசகம் மட்டும் வரலாற்றோடு ஒட்டவில்லை. சேப்பாக்கம் ஒரு நாளும் அரசியல் புகாத மைதானமாக இருந்ததில்லை. ரசிகரை உண்மையில் வருத்துவது, இழப்பைச் சுமக்கப்போகும் தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் அரசியல் நடப்பதுதான். இரண்டு குறைகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால், நூறாண்டுக்கு மேலாக அவர் தவறான வாசலிலேயே நின்று முறையிட்டுக்கொண்டிருக்கிறார்.

கதை மயிலாப்பூரில், லஸ்ஸில் தொடங்குகிறது. பாரி கம்பெனியின் துபாஷாக இருந்தவரின் பேரன், லஸ் பங்களாவில் வளர்ந்த மோதவரப்பு வெங்கட மகிபதி நாயுடு. ஊர் அவரை அறிந்தது புச்சி பாபு என்ற பெயரில். 1846-இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப், ஆற்காடு நவாபின் கையைவிட்டுப் போன சேப்பாக்கம் அரண்மனையின் நிலத்தில் குடியேறி, வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் கதவு திறந்துவைத்திருந்தது. அங்கே ஆட வந்த இந்தியர்களுக்குப் பெவிலியனில் இடமில்லை. மரத்தடியில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மறுபடி களமிறங்க வேண்டும். இதைச் சகிக்காமல் புச்சி பாபு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை உருவாக்கி, இந்தியர்களுக்கு ஒரு மைதானத்தையும் மட்டையையும் மரியாதையையும் தேடித் தந்தார். ஐரோப்பியரும் இந்தியரும் எதிரெதிரே ஆடும் மாகாணப் போட்டிக்கு அவர்தான் ஏற்பாடு செய்தார். 1908 டிசம்பரில் அது நடக்குமுன்பே காலமாகிவிட்டார். பிற்பாடு அந்தப் போட்டி பொங்கல் நாட்களின் வழக்கமாகி 1952 வரை நடந்தது. தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை என்று நாம் கொண்டாடும் மனிதரின் முதல் செயலே அரசியல்தான். பெவிலியனில் யார் உட்காரலாம் என்ற கேள்வியை எழுப்பாமல் இந்த ஊரில் கிரிக்கெட் தொடங்கவே இல்லை.

இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் இதே சேப்பாக்கத்தில்தான். 1952 பிப்ரவரி 6 அன்று ஆட்டம் தொடங்கியது. அதே நாளில் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்த செய்தி வந்து, ஓய்வு நாளை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். குடியரசாகி இரண்டே ஆண்டு ஆன நாடு, மன்னருக்காக ஒரு நாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, பிறகு அந்த மன்னரின் நாட்டை இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. முதல் இன்னிங்ஸில் வினு மன்கட் 55 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார். அன்று அரங்கில் எழுந்த ஆரவாரத்திலிருந்து அரசியலைப் பிரித்தெடுக்க யாராலும் முடியாது.

ஊர் அணி மீதான குறையும் இதே மண்ணில் விளைந்ததுதான், அதில் பாதி டெல்லி மேலும் பம்பாய் மேலும் விழுந்த பழி. ஆதாரம் இல்லாத பழி என்று அதை ஒதுக்கிவிட முடியாது. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்து ஒரே நாளில் முடிந்த முதல் ரஞ்சி ஆட்டத்தில் 11 விக்கெட் வீழ்த்திய ஏ.ஜி. ராம் சிங், அதிகாரபூர்வ டெஸ்ட் ஒன்றில்கூட ஆடவில்லை. அவருடைய பிள்ளைகள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும்தான் ஆடினார்கள். ரஞ்சியில் 400-க்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்த வி.வி. குமாருக்குக் கிடைத்தவை இரண்டு டெஸ்ட்கள், அதுவும் முதல் டெஸ்டில் ஐந்து விக்கெட் எடுத்த பிறகு. 1979-இல் இங்கிலாந்துத் தொடரை முடித்துக்கொண்டு திரும்பிய வெங்கட்ராகவன், தலைமைப் பொறுப்பு கவாஸ்கருக்குப் போனதை விமானத்தில் செய்த அறிவிப்பின் மூலம் தெரிந்துகொண்டார். 1989-இல் பாகிஸ்தானில் நான்கு டெஸ்டையும் தோற்காமல் டிரா செய்து வந்த ஸ்ரீகாந்த், தலைமையை மட்டுமல்லாமல் அணியில் இடத்தையும் சேர்த்தே இழந்தார். மண்டலத்துக்கு ஒரு தேர்வாளர் என்றிருந்த காலத்தில் பேரம் பேசும் பலம் இல்லாத வட்டாரம் ஏமாறியது என்ற சந்தேகத்துக்கு இடமிருந்தது.

இருந்தாலும் எல்லாத் தோல்விக்கும் அந்தச் சந்தேகத்தையே போர்வையாக்கிக்கொண்டது நம் தவறு. 1972–73 ரஞ்சி இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். இடம் நம் சேப்பாக்கம், சுழலுக்கு வாகாகத் தயாரான ஆடுகளம், பந்து வெங்கட்ராகவன், குமார் கைகளில். பம்பாயை 151-க்கும் 113-க்கும் மடக்கினோம். ஆனால் நாம் எடுத்தது 80, பிறகு 61. மூன்றாம் நாளின் முதல் பந்தோடு எல்லாம் முடிந்தது. இதற்கு எந்தத் தேர்வாளரின் சதியும் காரணமில்லை. பத்மாகர் சிவால்கரின் இடக்கைச் சுழலுக்கு நம்மிடம் பதில் இல்லை. 1954–55-இல் ஒன்று, 1987–88-இல் ஒன்று என ரஞ்சிக் கோப்பையை நாம் வென்றது இரண்டே முறை. அதற்குப் பிறகு 1991–92, 1995–96, 2002–03, 2003–04, 2011–12, 2014–15 என்று இறுதி ஆட்டம் வரை போய்ப் போய்த் தோற்றோம். நாடெங்கும் பேர்பெற்ற லீக், கம்பெனிகள் வைத்து நடத்திய அணிகள், ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து டென்னிஸ் பந்து ஆட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்து, ஒரு ஆட்டத்தின் பாயிண்ட் ஃபீல்டர் இன்னொரு ஆட்டத்தின் ஸ்லிப்பில் நிற்கும் தி. நகர் சோமசுந்தரம் மைதானம். இவ்வளவு இருந்தும் ஏன் என்ற கேள்வியை மாநிலச் சங்கத்திடம்தான் கேட்டிருக்க வேண்டும். டெல்லியையும் பம்பாயையும் திட்டியதில் உள்ளூர்ப் பொறுப்பாளர்கள் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொண்டார்கள்.

அரசியலுக்காக விளையாட்டைத் தியாகம் செய்வதே தவறு என்போருக்கு 1974-ஐ நினைவூட்ட வேண்டும். மயிலாப்பூர் ஆலிவர் ரோட்டில் ராமநாதன் கிருஷ்ணன் வளர்த்த டென்னிஸ் மரபின் அடுத்த தலைமுறையாக வந்த விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்திரேலியாவையும் சோவியத் யூனியனையும் வீழ்த்தியாகிவிட்டது. எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசின் அணியோடு ஆடுவதில்லை என்று இந்திய அரசு முடிவெடுத்தது. கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அதற்குப் பிறகு இன்றுவரை இந்தியா அந்தக் கோப்பையை வென்றதில்லை. சென்னை வீரர்களின் வாழ்நாள் வாய்ப்பு பறிபோன முடிவு அது. ஆனாலும் அதைச் சரி என்றே சொல்வேன், விஜய் அமிர்தராஜும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். காரணம், அங்கே எதிர்ப்பின் இலக்கும் செயலும் ஒன்றோடொன்று பொருந்தின. தோலின் நிறம் பார்த்து நடந்த ஒரு விளையாட்டு அமைப்பைத்தான் நாம் புறக்கணித்தோம், அதற்கான விலையை நாடே தன் கையிலிருந்து கொடுத்தது.

1999 ஜனவரியில் அரசியல் வேறு வேடத்தில் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பாகிஸ்தான் டெஸ்ட் அணி வருகிறது என்றதும் டெல்லி கோட்லா ஆடுகளத்தைச் சிவசேனைக்காரர்கள் தோண்டிப் போட்டார்கள். முதல் டெஸ்ட் சென்னைக்கு மாறியது. 271 இலக்கு, முதுகுவலியோடு 136 எடுத்த சச்சின் ஆட்டமிழந்தபோது தேவைப்பட்டது 17 ரன்தான். மீதியிருந்த மூன்று விக்கெட்டும் 4 ரன்னில் விழ, பாகிஸ்தான் 12 ரன்னில் வென்றது. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது அரங்கு முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. இதை ‘அரசியலற்ற ரசிகர்’ என்பதற்கு அடையாளமாகக் காட்டுவது வழக்கம். என் பார்வையில் சேப்பாக்கம் கண்ட மிகத் தெளிவான அரசியல் செயல்களில் அதுவும் ஒன்று. டெல்லியில் ஆடுகளத்தைத் தோண்டியவர்களுக்குச் சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கொடுத்த பதில் அது. எந்தக் கட்சியும் வாரியமும் சொல்லிக் கொடுக்காமல் அவர்களாகவே கொடுத்தது.

இங்கே கடினமான மறுப்பு ஒன்று உண்டு. பிரிவினையின் காயம் படாத ஊருக்குப் பாகிஸ்தானுக்குக் கைதட்டுவது எளிது. தன் காயம் என்று வந்தபோது சென்னை என்ன செய்தது? 2013-ஐத்தான் சொல்கிறார்கள். ஈழப் போர் முள்ளிவாய்க்காலில் முடிந்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. அந்தப் போரில் கொல்லப்பட்ட சிறுவன் பாலச்சந்திரனின் படங்கள் பிப்ரவரியில் வெளிவந்தன, மார்ச்சில் லயோலா மாணவர்களின் உண்ணாவிரதம் மாநிலமெங்கும் பரவியது. அந்தக் கோபம் முற்றிலும் உண்மையானது, அதைச் சந்தேகிப்பவரோடு எனக்குப் பேச்சில்லை. மார்ச் 26 அன்று முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இலங்கை வீரர்கள் சென்னை ஆட்டங்களில் பங்கேற்க மாட்டார்கள் என்று ஐ.பி.எல். நிர்வாகமும் உடனே ஒப்புக்கொண்டது. அதன்படி சங்கக்காராவும் மலிங்காவும் மற்ற ஊர்களில் எப்போதும்போல ஆடினார்கள், சென்னையில் மட்டும் ஆடவில்லை. சென்னை அணியிலிருந்த குலசேகராவுக்குத் தன் அணியின் சொந்த மைதானமே மூடிக்கொண்டது. அந்த ஆண்டு பெங்களூர் அணியிலிருந்த முத்தையா முரளிதரனையும் அதே தடை பிடித்தது. மலையகத் தமிழர், சென்னையின் மாப்பிள்ளை, 2010-இல் இந்த ஊருக்காக ஆடிக் கோப்பை வென்றவர். அவருடைய அரசியல் பேச்சுகளில் பலருக்கு உடன்பாடில்லை, எனக்கும் இல்லை. ஆனால் கடவுச்சீட்டைப் பார்த்துப் போட்ட தடைக்கும் அந்தப் பேச்சுகளுக்கும் சம்பந்தமில்லை. இங்கே நடக்கவிருந்த இரண்டு பிளே-ஆஃப் ஆட்டங்கள் டெல்லிக்குப் போயின. 1974-இல் இருந்த பொருத்தம் இதில் இல்லை. கொழும்பு அரசுக்கு எந்த நட்டமும் ஏற்படவில்லை, ஐ.பி.எல். கணக்கில் ஒரு ரூபாய் குறையவில்லை. ஈழத்துக்காகத் தெருவில் நின்றவர்கள் உட்பட, சென்னை ரசிகர்கள் தலையில்தான் மொத்த இழப்பும் விழுந்தது.

2018-க்கு வரும் மறுப்பு இன்னும் கூர்மையானது. டெல்டாவில் பயிர் காயும்போது உனக்கு ஆட்டம் கேட்கிறதா? உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 16 தீர்ப்பில் தமிழகத்தின் பங்கை 192-லிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்திருந்தது, திட்டம் வகுக்க மத்திய அரசுக்குக் கொடுத்த ஆறு வாரமும் ஒன்றும் நடக்காமல் கழிந்திருந்தது. நாடு முழுவதும் பார்க்கும் மேடை ஐ.பி.எல்.தான், அங்கே குரல் எழுப்பினால்தான் டெல்லிக்குக் கேட்கும் என்ற போராட்டக்காரர்களின் கணக்கில் நியாயம் இருந்தது. ஓர் இரவு அந்தக் கணக்குப் பலிக்கவும் செய்தது. ஆனால் ஆட்டங்கள் புனேவுக்குப் போனதும் அந்த மேடையும் கூடவே போய்விட்டது. கேமராக்கள் கஹுஞ்சே மைதானத்தைக் காட்டின, மீதி ஆறு ஆட்டங்களிலும் காவிரி என்ற சொல் திரையில் வர வழியில்லாமல் போயிற்று. ஜூன் 1 அன்று காவிரி மேலாண்மை ஆணையம் அறிவிக்கப்பட்டதற்குக் காரணம் உச்ச நீதிமன்றத்தின் தொடர் நெருக்கடி. கருப்புச் சட்டையோ பதாகையோ அனுமதித்து ஆட்டத்தையும் நடத்தியிருந்தால், சேப்பாக்கத்தின் முப்பதாயிரம் பேர் ஒவ்வொரு முறையும் டெல்லியிடம் கேள்வி கேட்டிருப்பார்கள். அப்படி ஒரு வழியைப் பற்றி ரசிகரிடமும் பேசவில்லை, விவசாயியிடமும் பேசவில்லை. காவல்துறை, கிரிக்கெட் வாரியம், அணி நிர்வாகம் மூன்றும் தங்களுக்குள் முடித்துக்கொண்டன.

ரசிகருக்கு என்ன உரிமை, அவர் வெறும் வாடிக்கையாளர்தானே என்பவர்களும் உண்டு. சென்னை அணியை 2008-இல் ஒரு சிமெண்ட் கம்பெனி ஏலத்தில் எடுத்தது. பிடிக்கவில்லையென்றால் டிக்கெட் வாங்காதே என்று வாதிடலாம். அந்த வாதத்துக்குச் சேப்பாக்கத்தின் தரையே தடை. அது அரசு நிலம், குத்தகைக்கு விட்டது. 2011 உலகக் கோப்பைக்காகக் கட்டிய ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் கட்டட விதி மீறல் பிரச்சினையில் சீல் வைக்கப்பட்டு, சுமார் 12,000 இருக்கைகள் பெரும்பாலும் பூட்டியே கிடந்து, 2023-இல்தான் முழுதாகத் தீர்வு கண்டன. பத்தாண்டுக்கு மேல் வெயிலில் வரிசையில் நின்று, இருக்கும் இடத்தைப் பூட்டிய கம்பிக்கு வெளியே இருந்து பார்த்துவிட்டு டிக்கெட் இல்லாமல் வீடு திரும்பியவர், மாநகராட்சி, சங்கம், கிளப் நடத்திய வழக்கில் ஒரு தரப்பாகக்கூட இல்லை. வசதியுள்ளவர் புனேவுக்கு விமானம் ஏறலாம். சி, டி, ஈ ஸ்டாண்டின் மலிவு டிக்கெட்டுக்கு விடியற்காலையில் வரிசை பிடிப்பவருக்குச் சேப்பாக்கம் போனால் எல்லாம் போச்சு. குரலில்லாமை அதிகம் சுடுவது அவரைத்தான்.

கிரிக்கெட் நிர்வாகத்தைச் சீரமைக்க அமைந்த லோதா குழு 2016-இல் கொடுத்த பரிந்துரைகளால் அமைச்சர்கள் கிரிக்கெட் வாரியப் பதவிகளுக்கு வரத் தடை வந்தது, வயது வரம்பு வந்தது, வீரர்களுக்கென்று ஒரு சங்கம் 2019-இல் அங்கீகாரம் பெற்றது. பார்வையாளருக்கு மட்டும் எதுவும் வரவில்லை. பார்சிலோனாவில் கால்பந்து கிளப்பின் தலைவரை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜெர்மனியில் கிளப்புகளின் பெரும்பான்மை ஓட்டு உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி. நம் மாநிலச் சங்கத்தில் ஓட்டுரிமை உறுப்பினர் கிளப்புகளுக்குத்தான். 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் பா.ம.க. உறுப்பினர் ஒருவர், தமிழ் வீரர்கள் இல்லாத சென்னை அணியைத் தடை செய்ய வேண்டும் என்று பேசினார். அந்த அவையில் அதைவிடப் பயனுள்ள ஒன்றைக் கேட்டிருக்கலாம்: அரசு நிலத்தின் குத்தகை அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது, பார்வையாளர்கள் தேர்ந்தெடுக்கும் இரண்டு பேருக்கு மைதான நிர்வாகத்தில் இடம் வேண்டும், ஓர் ஆட்டத்தைச் சென்னையிலிருந்து மாற்றுமுன் அவர்களோடு கலந்து பேச வேண்டும் என்ற நிபந்தனையை எழுதிச் சேர்ப்பீர்களா?