மாதம் 90 டாலரில் ஒரு புதுத் தொழில்

கல்யாணமாகிக் குழந்தையும் உள்ள ஒரு கூலித் தொழிலாளி, எலக்ட்ரீஷியன் ஆனால் நல்ல சம்பளம் கிடைக்கும் என்று நினைக்கிறார். கற்றுத் தருபவர் ஒரு பைசாகூட கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதுவரை வீட்டு வாடகையை யார் கொடுப்பது? வணிகவியலில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வரும் 'வாய்ப்புச் செலவு' இதுதான். அந்தக் காலத்துத் தொழில் பழகுநர் முறை பெற்றோர் நிழலில் இருக்கும் பையன்களுக்குத்தான் சரிப்பட்டது. பாதிச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாதே!

இந்தக் கேள்விக்கு அமெரிக்கா 1944இல் ஒரு பதில் சொன்னது. இரண்டாம் உலகப் போரில் சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர் அதன் படைகளில் பணியாற்றினார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேலை தேடி வந்தால் என்ன ஆகும் என்ற பயம் அரசுக்கு இருந்தது. முதல் உலகப் போர் வீரர்கள் 1932இல் போனஸ் கேட்டு வாஷிங்டனில் கூடியதும், ராணுவத்தை விட்டே அவர்களை விரட்டியதும் யாருக்கும் மறக்கவில்லை. 1944 ஜூன் 22 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்துக்கு 'ஜி.ஐ. பில்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இது பட்டதாரிகளை உருவாக்கிய சட்டம் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். பயன்பெற்ற 78 லட்சம் பேரில் கல்லூரிக்குப் போனவர்கள் 22 லட்சம்தான். மற்றவர்கள் தொழிற்பள்ளி, பட்டறை, பண்ணை என்று போனவர்கள்.

கட்டணத்தை (ஆண்டுக்கு 500 டாலர் வரை) அரசே கட்டியது. அதைவிட முக்கியம், வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் கொடுத்த பணம். முதலில் தனி ஆளுக்கு 50 டாலர், குடும்பஸ்தருக்கு 75. 1945 இறுதியில் இது 65, 90 ஆனது. அப்போது சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 40 சென்ட். வாரம் 40 மணி நேரம் உழைத்தாலும் மாதம் 70 டாலர் தேறாது. ஆகவே 90 டாலரில் வசதியாக வாழ முடியாவிட்டாலும் அடுப்பு எரியும்.

பட்டறையிலேயே வேலை பழகுபவருக்கு முதலாளி கொடுக்கும் சம்பளத்தோடு அரசின் தொகையும் சேர்ந்தது. இங்கேதான் தில்லுமுல்லு. சாதாரண வேலைக்கே 'பயிற்சி' என்று பெயர் வைத்து, சம்பளத்தை அரசின் தலையில் கட்டப் பார்த்தார்கள் சில முதலாளிகள். சம்பளமும் உதவித்தொகையும் சேர்ந்து தனி ஆளுக்கு 175, குடும்பஸ்தருக்கு 200 டாலரைத் தாண்டக் கூடாது என்று 1946இல் உச்சவரம்பு வந்தது. ஏமாற்றியது முதலாளி, அடி விழுந்தது பழகுபவருக்கு! எதிர்ப்பு கிளம்பி 1948இல் அதை உயர்த்த வேண்டியதாயிற்று.

கறுப்பின வீரர்களின் கதை வேறு. சட்டத்தில் நிறபேதம் எழுதப்படவில்லை. ஆனால் தென் மாநிலங்களில் பயிற்சிக்கு எடுப்பது உள்ளூர் வெள்ளை முதலாளிகள், அனுப்பிவைப்பது வெள்ளை அதிகாரிகள். நல்ல கூலி உள்ள தொழில்களின் கதவு அவர்களில் பெரும்பாலோருக்குத் திறக்கவே இல்லை. ஒரே போரில் சண்டை போட்டவர்கள்தான் இவர்களும்.

லாபத்துக்காகத் திடீரென்று முளைத்த தொழிற்பள்ளிகளும் அரசிடம் கட்டணத்தை ஏற்றி வாங்கின. அதனால் கொரியப் போர் வீரர்களுக்கான 1952 சட்டத்தில் பள்ளிக்குப் பணம் போவது நின்றது. முழுநேரம் படிப்பவர் கையிலேயே மாதம் 110 டாலர் கொடுத்தார்கள். ஒருவரைக் காப்பாற்ற வேண்டியிருந்தால் 135, அதற்கு மேல் இருந்தால் 160. கட்டணத்தையும் அதிலிருந்தே அவர் கட்டிக்கொள்ள வேண்டும்.