உப்பும் தகடும்

ஆஸ்திரேலியப் பெருநகரங்களைச் சுற்றிப் படர்ந்திருக்கும் புறநகர்களில், வசந்தம் முடியும் தறுவாயில் வெயில் ஏறத் தொடங்கும் நவம்பர் மாதத்தில், வீட்டுக்காரர் ஒருவர் உப்பு மூட்டைகளைக் காரில் ஏற்றிவந்து, கொல்லைப்புறத்து நீச்சல் குளத்தின் கரையில் வாய் பிரித்து, தெளிந்த நீரில் அப்படியே சரித்துவிட்டு, நீண்ட கழி பூட்டிய துடைப்பத்தால் அடித்தளத்தைக் கிளறிவிடுவது சர்வ சாதாரணமான காட்சி. பாத்தி கட்டி, நீரை வற்றவிட்டு, உப்பை வாரியெடுப்பதைப் பார்த்துப் பழகிய நம் கடற்கரைக் கண்களுக்கு, நல்ல நீரில் உப்பைக் கொண்டுபோய்க் கரைக்கும் இக்காரியம் சற்று விபரீதமாகவே படும். ஐம்பதினாயிரம் லிட்டர் கொள்ளும் ஒரு குளத்துக்குச் சுமார் 150 கிலோ உப்பு வேண்டும். அவ்வளவு கொட்டியும் அந்நீர் லிட்டருக்கு மூன்று கிராம் அளவில்தான் கரிக்கும். கடல்நீரில் உள்ளது அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். மனிதனுடைய கண்ணீரின் உப்போடு ஒப்பிட்டாலும் இது மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், குளிப்பவன் நாவில் சிறிது உவர்ப்பை உணர்வானேயன்றிக் கண் எரிவதாகச் சொல்லமாட்டான்.

கரைந்த உப்பு குளத்திலிருந்து பம்ப் வழியாகவும், பில்டர் வழியாகவும் சுற்றி வரும்போது, குழாயின் நடுவே செருகப்பட்டிருக்கும் ஒரு சிறு கூட்டுக்குள் நுழைகிறது. அக்கூட்டுக்குள் சில உலோகத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றினிடையே குறைந்த அழுத்தத்தில் நேர்மின்சாரம் பாயும். உப்பிலுள்ள குளோரைடு ஒரு தகட்டில் குளோரினாக மாறி நீரோடு கலந்து ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. எதிர்த் தகட்டில் ஹைட்ரஜன் குமிழியிட்டு வெளியேறுகிறது. கிருமியைக் கொன்றும், வெயிலில் சிதைந்தும் அந்த அமிலம் மறுபடி குளோரைடாகிக் குளத்துக்கே திரும்புவதால், கொட்டிய உப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். மழையில் வழிந்தோடுவதும் பில்டரைக் கழுவும்போது போவதுமே நஷ்டம். இக்குளங்களைக் குளோரின் இல்லாத குளங்கள் என்று விளம்பரம் செய்யும் வியாபாரிகள் அந்தக் கூட்டைத் திறந்து பார்த்ததில்லை போலும். டப்பாவில் வாங்கிப் போடும் குளோரின் எதுவோ, அதுவேதான் இதுவும். செய்யப்படும் இடம் மட்டுமே வேறு.

இன்று மலிவு விலையில், சாமானியர் ஒருவர் தாமே குழாயில் மாட்டிக்கொள்ளும்படி விற்கப்படும் இச்சாதனத்தை ஒரு நூதனச் சிருஷ்டியாகக் கருதுவோர் பலர். இதன் பூர்வீகமோ 1800-ஆம் ஆண்டுக்குச் செல்கிறது. வோல்ட்டா தமது மின்னடுக்கைப் பற்றி எழுதியனுப்பிய செய்தி இங்கிலாந்தை எட்டிய அதே வருஷத்தில், உல்விச்சில் ராணுவத்தின் ரசாயன நிபுணராயிருந்த வில்லியம் குரூயிக்ஷாங்க் என்பவர் உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தி, மூக்கைத் துளைக்கும் ஒரு வாயு எழுவதைக் கண்டார். சுவீடன் தேசத்து ஷீலே 1774-இலேயே வேறு வழியில் பிரித்தெடுத்திருந்த வாயுதான் அது. ஆயினும் அது ஒரு தனிமம் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. குளோரின் என்னும் பெயரே 1810-இல் ஹம்ப்ரி டேவி சூட்டியது. ஆக, பெயர் பெறுவதற்குப் பத்து வருஷம் முன்னரே இவ்வாயு உப்புநீரிலிருந்து மின்சாரத்தால் பிறந்துவிட்டது.

உப்பு அந்நாளில் எங்கும் கிடைத்தது. ஒரு மணி நேரம் ஓர் ஆம்பியர் மின்சாரம் பாய்ந்தால் சுமார் 1.3 கிராம் குளோரின் கிடைக்கும் என்று கணக்கிட்டுச் சொல்லும் விதியையும் 1830-களில் பாரடே வகுத்துவிட்டார். 1851-இல் சார்லஸ் வாட் என்னும் ஆங்கிலேயர் உப்புநீரைப் பிரிக்கும் முறைக்குப் பேடன்ட் உரிமையும் பெற்றார். எனினும் மின்னடுக்கிலிருந்து பெறும் மின்சாரத்தைக் கொண்டு குளோரின் செய்வதென்பது வெள்ளியை விற்று ஈயம் வாங்கும் வியாபாரம். டைனமோ வந்து மின்சாரம் மலிவாகும்வரை வாட்டின் பேடன்ட் காகிதத்திலேயே கிடந்தது.

மின்சாரம் மலிந்தவுடன் துணிந்து இறங்கியவர்களில் ஒருவர் யூஜீன் ஹெர்மைட் என்ற பிரெஞ்சுக்காரர். கடலோர ஊர்களுக்கு உப்புநீர் இயற்கை கொடுத்த சீதனம். அதை மின்சாரத்தால் பக்குவப்படுத்திக் குழாய்கள் மூலம் வீடுதோறும் அனுப்பினால், கழிவறைகளும் சாக்கடைகளும் தாமே சுத்தமாகும் என்பது அவருடைய திட்டம். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வொர்திங் என்னும் சிற்றூரில் 1893-இல் டைபாய்டு ஜுரம் பரவி 188 உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. காற்று வாங்க வரும் சீமான்களை நம்பிப் பிழைத்த அவ்வூரார், போன பெயரை மீட்க எதையும் செய்து பார்க்கச் சித்தமாயிருந்த நிலையில், மறு வருஷமே ஹெர்மைட்டின் யந்திரம் அங்கே பரிசோதிக்கப்பட்டது. திட்டம் அங்கு வேரூன்றவில்லை. அதன் தோல்வியைக் காட்டிலும் என் கவனத்தைக் கவர்வது அந்த யந்திரத்தின் உள்ளமைப்பு. எதிர்மின்வாய்க்குத் துத்தநாகம் போதுமானதாயிருந்தது. குளோரின் பிறக்கும் நேர்மின்வாய்க்கு மட்டும் பிளாட்டின வலை தேவைப்பட்டது. பிறந்த கணத்திலேயே தன்னைப் பெற்ற உலோகத்தைத் தின்னும் சுபாவமுடையது குளோரின். இரும்பையும் செம்பையும் அது விட்டுவைக்காது. ஓர் ஊரின் சாக்கடையைக் கழுவுவதற்குப் பிளாட்டினம் வாங்குவதென்றால், எந்த நகரசபையின் கஜானா தாங்கும்?

அதற்குப் பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். லண்டனின் கிழக்கேயுள்ள பாப்லர் என்னும் ஏழைகளின் வட்டாரத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நகரசபை உப்பைக்கொண்டு மின்சாரத்தால் கிருமிநாசினி செய்து மக்களுக்கு விநியோகித்தது. முதல் உலக யுத்தத்தில் அக்விட்டேனியா என்ற பெருங்கப்பல் மருத்துவக் கப்பலானபோது, புண் கழுவும் மருந்தால் பிரசித்தி பெற்ற ஹென்றி டேகின் கடல்நீரையே மின்சாரத்தால் பிரித்துக் கப்பலுக்கு வேண்டிய நாசினியைத் தயாரித்தார். இவை தனித்தனிச் சம்பவங்களாகவே நின்றன. ஊருக்கெல்லாம் குளோரின் கொடுத்தது வேறு வழி: 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரக் குடிநீரில் பிளீச்சிங் பவுடர் கலக்கத் தொடங்கினார்கள், 1910-ஐ ஒட்டி பிரௌன் சர்வகலாசாலையின் நீச்சல் குளத்திலும் அதே பொடி இடப்பட்டது. பெரிய ஆலைகளில் செய்து, பொடியாகவோ உருளையிலடைத்த திரவமாகவோ அனுப்பிவைப்பதே சிக்கனமென்றாகிவிட, குளத்தின் ஓரத்திலேயே செய்துகொள்ளும் எண்ணம் ஐம்பது அறுபது வருஷங்கள் உறங்கிற்று.

ஆலைக்காரருக்கும் தகட்டுச் சங்கடம் தீர்ந்தபாடில்லை. நயாகராவில் அச்செசன் என்பவர் செய்த செயற்கை கிராபைட்டை அவர்கள் நேர்மின்வாயாகக் கொண்டார்கள். அது மலிவு, ஆனால் எழுதுகோல் முனைபோல் நாளுக்கு நாள் தேயும். தேயத் தேயத் தகடுகளுக்கிடையே இடைவெளி அகன்று மின்சாரச் செலவு ஏறும். தொழிலாளர் அடிக்கடி சரிபார்த்துத் தகட்டை இறக்கிக்கொண்டே இருக்கவேண்டும். உதிர்ந்த கரித்தூளோ அடியில் சேறாகப் படியும். ஆலைக்குள் இதைச் சகித்துக்கொள்ளலாம். குழந்தைகள் குதித்தாடும் நீலக்குளத்தில் கரித்தூள் மிதக்க எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்?

இம்முடிச்சை அவிழ்த்தவர் ஹென்றி பியர் என்பவர். டைட்டானியம் என்பது குளோரினுக்கு அசையாத உலோகம். அதன் காரணம், அது தன்மேல் ஒரு மெல்லிய ஆக்ஸைடு படலத்தைப் போர்த்திக்கொள்வதுதான். அந்தப் போர்வையே மின்சாரத்தையும் தடுத்துவிடுவதால், நேர்மின்வாயாக அதை வைத்தால் சிறிது நேரத்தில் ஊமையாகிவிடும். ருத்தேனியம், டைட்டானியம் ஆகியவற்றின் உப்புகளைக் கலந்து சாயம்போல் தகட்டில் பூசி, அடுப்பிலிட்டு ஏறக்குறைய ஐந்நூறு டிகிரி சூட்டில் சுட்டு, மறுபடி பூசி மறுபடி சுட்டு, சில மைக்ரான் கனமே உள்ள ஒரு கலப்பு ஆக்ஸைடு பூச்சை ஏற்றினார் பியர். 1965-இல் பதிவான அந்தப் பேடன்டை மிலான் நகரத்து டி நோரா குடும்பத்தார் ஆலைகளுக்குக் கொண்டுசென்றனர். தேயாத தகடு கிடைத்தது; பத்தே வருஷங்களில் கிராபைட் பின்வாங்கத் தொடங்கிற்று. மட்பாண்டத்துக்கு மெருகேற்றும் குயவனுடைய கைவேலையும் நவீன ரசாயனமும் இவ்வளவு நெருங்கிக் கைகோத்த காரியம் வேறு அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

நம் நாட்டில் இவ்வித்தை காரைக்குடியில் பயிலப்பட்டது. அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் கொடுத்து முன்வந்ததால், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், டைட்டானியத் தகட்டில் பூச்சேற்றும் முறையைத் தானே வகுத்து, காஸ்டிக் சோடா ஆலைகளுக்கு வழங்கியது. தூத்துக்குடி உப்பில் ஒரு பகுதி சமையலறைக்கு வராமல் ஆலைகளுக்குப் போய், இப்படிப்பட்ட தகடுகளின்மேல்தான் குளோரினாகிறது. வீட்டு நீச்சல் குளம் நம்மிடையே அரிதாகையால், அங்கே ஆராய்ந்தவர்கள் கொல்லைப்புறக் குளத்தை நினைத்திருக்க நியாயமில்லை.

அதை நினைத்தவர்கள் ஆஸ்திரேலியரும் நியூஸிலாந்துக்காரருமே. 1970-களிலும் 80-களிலும் அத்தேசங்களில் வீட்டுக்கு வீடு குளம் தோண்டும் மோகம் பரவியது. அங்கத்திய வெயிலோ, காலையில் இட்ட குளோரினை மாலைக்குள் சிதைத்துவிடும் கொடுமையுடையது. தினந்தோறும் அளந்து கலக்கிக் கொட்டிச் சலித்த ஜனங்களுக்கு, பகல் முழுவதும் சிறிது சிறிதாகக் குளோரின் சுரந்துகொண்டே இருக்கும் கூடு வரப்பிரசாதமாகத் தோன்றியதில் அதிசயமில்லை. மணிக்கு 20 கிராம் தரும் கூடு எட்டு மணி நேரம் ஓடினால் 160 கிராம். ஐம்பதினாயிரம் லிட்டர் குளத்துக்கு லிட்டருக்கு மூன்று மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு அது போதும். வெயிலுக்குக் குடையாக சயனூரிக் அமிலத்தைச் சிறிதளவு கரைத்துவைத்தால், சுரந்த குளோரின் இன்னும் நிலைக்கும்.

மலிவான யந்திரங்கள் பெருகியது இதற்கு நெடுநாள் பின்னர். விலையைக் குறைத்தவர்கள் எங்கே கை வைத்தார்கள் என்பதை அறிய வேண்டுமானால் கூட்டுக்குள்தான் பார்க்கவேண்டும். மின்சாரத்தை மாற்றும் பகுதி இந்நாளில் எவருக்கும் மலிவு. டைட்டானியமும் அவ்வளவு கிராக்கியில்லை. கிராக்கி, அந்தச் சில மைக்ரான் பூச்சிலுள்ள ருத்தேனியமும் இரிடியமும். ஆகவே பூச்சு மெலிந்தது, தகடு குறைந்தது. நல்ல கூடு ஐந்து வருஷம் உழைக்குமானால் மெலிந்தது இரண்டு மூன்றோடு களைத்துவிடக்கூடும். இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். பாதி விலை கொடுத்துப் பாதி ஆயுளை வாங்குகிறவன், கணக்கறிந்து வாங்கினால் நஷ்டப்பட்டவனாகான். தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடாவிட்டால் மின்சாரத்தை நிறுத்தும் உறுப்பையும் சிலர் விலைக்காக விட்டுவிடுகிறார்களே, அதுதான் பொறுக்கத் தகாதது. ஓட்டம் நின்ற குழாயில் ஹைட்ரஜன் தேங்கினால் அக்கூடு வெடித்துச் சிதறவும் கூடும்.

இன்னொரு சிக்கனம் சற்றுச் சூட்சுமமானது. எதிர்மின்வாயருகே காரம் மிகுவதால் நீரிலுள்ள சுண்ணாம்பு வெள்ளைப் பாசிபோல் அதன்மேல் படியும். விலையுயர்ந்த யந்திரம் சில மணிக்கொருதரம் மின்சாரத்தின் திசையைத் திருப்பி அதைத் தானே உதிர்த்துவிடும். ஆயின் திசை திரும்பும் ஒவ்வொரு தடவையும் பூச்சுக்கும் சிறிது சேதம் உண்டு. திருப்பும் ஏற்பாடில்லாத மலிவுக் கூட்டை வாங்கியவர் மாதத்துக்கொருமுறை அதைக் கழற்றி, நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துக் கழுவவேண்டும். அமிலம் சற்றுக் கடுமையானாலும், சுண்ணாம்பு சீக்கிரம் போகட்டுமென்று ஆணியால் சுரண்டினாலும், பூச்சு பெயர்ந்துவிடும். கருங்கல் போலிருக்கும் தகட்டில் பூச்சு எது, உலோகம் எது என்று பழகாத கண்ணுக்குப் புலப்படாது.

பூச்சு போன தகட்டில் டைட்டானியம் மறுபடி தன் போர்வையைப் போர்த்திக்கொள்கிறது, மின்சாரம் தயங்குகிறது. மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதைக்கொண்டே நீரின் உப்பை அளக்கும் அந்த எளிய யந்திரம், பாய்வது குறைந்ததும் உப்புக் குறைந்துவிட்டதாக எண்ணிச் சிவப்பு விளக்கை ஏற்றுகிறது. வீட்டுக்காரர் விளக்கைப் பார்க்கிறார். நீரின் நிறம் மாறத் தொடங்கியிருப்பதையும் பார்க்கிறார். மறுநாள் காலை காரை எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு மூட்டை உப்பு வாங்கக் கடைக்குப் புறப்படுகிறார்.