புறாவின் கண்ணும் பொறியின் கண்ணும்

பரந்த கடலில் மிதக்கும் ஒரு மனிதத் தலை, மேலே ஹெலிகாப்டரிலிருந்து நோக்குவோர்க்கு அலைநுரையினின்று வேறாகத் தெரிவது அரிது. தேடுவோரிடம் அக்கறை குறைவு என்பதன்று. ஒரே காட்சியை நெடுநேரம் நோக்கும் மனிதக் கண் சோர்ந்துவிடுகிறது. காணாமற்போனோரைத் தேடும் முயற்சிகளின் அண்மைக்கால வரலாற்றை, இச்சோர்வுக்கு மாற்றுத் தேடிய வரலாறு என்றே நாம் கொள்ளலாம்.

அதன் முதல் அதிகாரத்தில் வருபவை புறாக்கள் என்றால் அன்பர்கள் வியக்கக்கூடும். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடலோரக் காவற்படைக்காக 'சீ ஹண்ட்' என்னும் திட்டத்தின்கீழ் ஹவாயில் புறாக்கள் பயிற்றுவிக்கப்பட்டன. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் ஆகியவை உயிர்காப்பு உடைகளின் நிறங்கள். கடற்பரப்பில் இவற்றுள் ஒன்றைக் கண்டதும் புறா தன் முன்னுள்ள விசையைக் கொத்தும். கொத்தினால் தீனி கிட்டும். ஹெலிகாப்டரின் அடியில் பொருத்திய கூண்டில் மூன்று புறாக்கள் மூன்று பக்கம் நோக்கி அமர்ந்தன. சோதனைகளில் முதற் சுற்றிலேயே நூற்றுக்கு 90 முறை அவை இலக்கைக் கண்டன. மனிதர் கண்டதோ 38 முறையே. ஆயினும் 1980களின் முற்பகுதியில் நிதிக் குறைப்பால் திட்டம் கைவிடப்பட்டது.

அடுத்து, ஒரு கண்ணுக்கு மாற்றாகப் பல்லாயிரம் கண்களை நாடினர். தரவுத்தளத் துறையின் முன்னோடியும் 1998ஆம் ஆண்டின் டூரிங் விருது பெற்றவருமான ஜிம் கிரே, 2007 ஜனவரி 28 அன்று தம் அன்னையின் அஸ்தியைக் கரைக்க சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியே பாய்மரப் படகில் சென்றார், திரும்பவில்லை. செயற்கைக்கோள் படங்கள் சிறு துண்டுகளாக்கப்பட்டு இணையவழியே ஆயிரக்கணக்கான தன்னார்வலர் முன் வைக்கப்பட்டன. படகு கிடைக்கவேயில்லை. பெருந்தரவைக் கையாளும் வழியை உலகுக்குக் கற்பித்தவரைப் பெருந்தரவுக்குள் தேடிக் காணாமற்போனது காலத்தின் முரண்.

பின்னர் வந்தது ட்ரோன். 2013 மே மாதம் கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில், விபத்துக்குள்ளான காரிலிருந்து இரவில் வழிதவறிச் சென்ற ஒருவரை ஹெலிகாப்டரால் காண இயலவில்லை. காவல்துறையின் சிறு ட்ரோன் அவர் உடல் வெப்பத்தைக் கொண்டு அவரைக் கண்டது. ஆனால் ட்ரோன் ஒரு புதிய இடரையும் கொணர்ந்தது. சில மணி நேரத்தில் அது ஆயிரக்கணக்கான படங்களை எடுத்துவிடும்; அவற்றைப் பார்ப்பதோ மீண்டும் அதே சோர்வுறும் கண்தான்.

இங்கேதான் கணினி புறாவின் இடத்தில் அமர்கிறது. ரீட், யூ என்னும் இருவர் 1990இல் வெளியிட்ட ஒரு முறை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. படத்தின் பின்னணி நிறங்கள் எவ்வாறு பரவியுள்ளன என்பதைக் கணித்து, அதனோடு ஒவ்வாத புள்ளிகளை அது சுட்டிக்காட்டும். மனிதன் எப்படியிருப்பான் என்பது அதற்குத் தெரியாது. 'இது மலையின் நிறமன்று' என்பதே அது சொல்லும் செய்தி.

2024 செப்டம்பரில் இத்தாலியின் மோன்விசோ மலையில் ஒருவர் காணாமற்போனார். 2025 ஜூலையில் ட்ரோன்கள் எடுத்த ஏறத்தாழ 2,600 படங்களை மென்பொருள் ஆராய்ந்து ஒரு சிவப்புப் புள்ளியைச் சுட்டியது. அது அவருடைய தலைக்கவசம். உயிரை மீட்க இயலவில்லை. எனினும் பத்து மாதங்களாகக் காத்திருந்த குடும்பத்துக்கு ஒரு விடை கிடைத்தது.

இதனைப் பொறியின் வெற்றி என்று மட்டும் எழுதிவிடுதல் பொருந்தாது. மலையின் எப்பகுதியைப் படமெடுப்பது என்று முடிவு செய்தவர்கள் அம்மலையை அறிந்த மீட்புப் பணியாளர்களே. அவர் தலைக்கவசம் பாறையின் சாம்பல் நிறத்தில் இருந்திருப்பின் பொறி வாளா இருந்திருக்கவும் கூடும். 'ஒன்றும் இல்லை' என்று பொறி சொல்வதை 'ஒருவரும் இல்லை' என்று நாம் படித்துவிடுவதே இக்கலையின் பேரிடர். புறா கொத்திய பின்னும் விமானிதான் ஹெலிகாப்டரைத் திருப்ப வேண்டியிருந்தது. தேடலை எப்போது நிறுத்துவது என்னும் முடிவும் இன்றளவும் மனிதர் கையிலேயே இருக்கிறது.