ஒன்பது வருஷ டூப்ளிகேட் ரேடோவும் சித்தப்பாவின் நங்கூரமும்

மக்களே, இது கைக்கடிகாரம் பற்றிய பதிவு. கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் பீங்கான், கொஞ்சம் குடும்பச் சண்டை. நீளமாப் போகும், டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

2013ல் சென்னையில் ஒரு நடைபாதைக் கடையில் 1,200 ரூபாய்க்கு ஒரு கறுப்பு ரேடோ வாங்கினேன். ஒரிஜினல் இல்லைன்னு எனக்கும் தெரியும், வித்தவருக்கும் தெரியும். "சார், ஃபர்ஸ்ட் காப்பி" என்று அவரே பெருமையாகச் சொன்னார். போலியிலேயும் முதல் தரம், இரண்டாம் தரம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன் :-) அதை 2022 வரைக்கும், குளிக்கும்போது மட்டும் கழட்டி வெச்சிட்டு, தினமும் கட்டியிருக்கேன். வாங்கின அன்னிக்கு வாட்சைப் பார்த்து எழுதினா அது விமர்சனம் இல்லை, பெண் பார்த்துட்டு வந்த கதை. ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தினவன் சொல்றதைக் கேளுங்க.

அதுக்கு முன்னாடி, நம்ம ஊர்ப்பக்கம் ஏன் எல்லாரும் ரேடோ ரேடோ என்று உயிரை விட்டாங்க என்பதைச் சொல்லணும்.

எங்க அப்பா தலைமுறைக்கு வாட்ச் என்றால் எச்.எம்.டி. 1961ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கூட்டோடு பெங்களூரில் அரசாங்கம் ஆரம்பித்த தொழிற்சாலை. ஜனதா, பைலட், காஞ்சன் என்று மாடல்கள். தங்க நிறத்தில் தடியாக இருக்கும் காஞ்சனைப் பார்த்திருப்பீங்க, கல்யாண மாப்பிள்ளை கையில் அது இல்லாத போட்டோ அந்தக் காலத்தில் குறைவு. அதன் உருவத்தை உத்துப் பாருங்க, ரேடோவின் நிழல் தெரியும். வெளிநாட்டு வாட்ச் நேர்வழியில் கிடைக்காத காலம் அது. சுங்கச் சட்டம், 1962ல் 123ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கு. கடத்தல் பொருள் என்று சந்தேகப்பட்டு அதிகாரி பறிமுதல் செய்தால், அது கடத்தல் இல்லைன்னு நிரூபிக்கிற பொறுப்பு வெச்சிருக்கிறவன் தலையில். எந்தெந்தப் பொருளுக்கு? தங்கம், அடுத்த வார்த்தை வாட்ச். சட்டம் எழுதினவங்க கண்ணில் ரெண்டும் ஒரே தட்டில் இருந்திருக்கு. இந்தப் பிரிவை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

1969ல் சென்னை பீச் ஸ்டேஷன் பக்கத்தில், பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் பிழைக்கட்டும் என்று பர்மா பஜார் வந்தது. வெளிநாட்டுச் சரக்கு எது வேணும்னாலும் அங்கேதான். எழுபதுகளில் வளைகுடா வேலை தொடங்கியது. கடலூர் ஜில்லாவிலிருந்தும் கூட்டம் கூட்டமாகப் போனாங்க. திரும்பி வரும்போது டேப் ரெக்கார்டர், சென்ட், வெல்வெட் போர்வை. கொஞ்சம் நல்ல நிலைமை என்றால் கையில் ரேடோ. இன்னொருத்தர் சட்டையைத் தூக்கிப் பார்க்காமலே தெரியும் சொத்து அது ஒண்ணுதான்.

சரி, அந்த ரேடோவில் அப்படி என்ன இருக்கு?

சுவிட்சர்லாந்தில் லெங்னாவ் என்ற சின்ன ஊரில் 1917ல் ஷ்லுப் சகோதரர்கள் ஆரம்பித்த பட்டறை. 1962ல் டயாஸ்டார் என்ற மாடலை விட்டாங்க. கீறல் விழாத வாட்ச் என்று விளம்பரம். இது வெறும் பீலா இல்லை. மேல் கூட்டை டங்ஸ்டன் கார்பைடில் செஞ்சாங்க. லேத் பட்டறையில் இரும்பைக் கடைசல் பிடிக்க 'கார்பைடு டிப்' போடுவாங்களே, அந்தச் சரக்குதான். கண்ணாடி செயற்கை நீலக்கல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, நீலக்கல் 9, கார்பைடும் ஏறக்குறைய அங்கேதான். ஸ்டீல் ஐந்தரை, ஆறுதான். இதில் முக்கியம் மணல். குவார்ட்ஸ் மணல் 7. அதாவது ரோட்டுப் புழுதியே ஸ்டீலையும் சாதா கண்ணாடியையும் கீறும், கார்பைடை ஒண்ணும் செய்ய முடியாது. பாலைவனத்தில் வேலை பார்த்தவன் கையில் இந்த வாட்ச் பளபளன்னு இருந்ததுக்குக் காரணம் இதுதான். அதைப் பார்த்து ஊரே மயங்கியது நியாயம்தான்.

1986ல் ரேடோ இன்டெக்ரல் மாடலில் பீங்கான் வந்தது. 1990ல் செராமிகா, உடம்பு முழுக்கப் பீங்கான். இங்கேதான் விருத்தாசலத்துக்காரன் காலரைத் தூக்கி விட்டுக்கலாம். எங்க ஊர் பீங்கான் ஊர் சார். செராமிக் படிப்புக்கு அரசாங்கக் கல்வி நிலையம் இருக்கு, பேட்டை இருக்கு, சூளை இருக்கு. கரண்ட் கம்பி இன்சுலேட்டர், பியூஸ் கேரியர், கொலு பொம்மை, ஜாடி என்று பார்த்துப் பார்த்து வளர்ந்த கண்ணு. கிண்ணத்தை வாங்கினா சுண்டி, சத்தம் கேட்டுட்டுத்தான் காசு கொடுப்போம்.

ரேடோ பீங்கான் நம்ம களிமண் இல்லை, சிர்க்கோனியா. ஆனா அந்தத் தாது வெளிநாட்டு அதிசயமும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் சிர்க்கான் இருக்கு. வெள்ளைக் கழிவறைச் சாமான் மேல் பால் மாதிரி ஒரு பூச்சு தெரியுதே, அந்த வெண்மைக்குச் சேர்க்கிறதும் சிர்க்கான்தான். அதிலிருந்து பிரித்தெடுத்த சிர்க்கோனியாவை மாவாக்கி, பசை கலந்து, அச்சில் அழுத்தி, சுமார் 1,450 டிகிரியில் சுடுறாங்க. சுடும்போது நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிடும். எங்க ஊர் பொம்மைக்காரர் அச்சை ஒரு சுற்றுப் பெரிசா எடுக்கிற அதே கணக்கு, சுருக்கம்தான் அதிகம். அப்புறம் வைரப் பொடி போட்டு மெருகு ஏத்தணும்.

முக்கியமான விஷயம், அதன் கறுப்பு மேலே பூசின கறுப்பு கிடையாது. மாவிலேயே கலந்த நிறம். உடைச்சுப் பார்த்தாலும் உள்ளே கறுப்புதான். கிளேஸ் நிறத்துக்கும் உடம்பு நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் எங்க ஊரில் சின்னப் பசங்களுக்கும் தெரியும்.

இப்போ என் ஃபர்ஸ்ட் காப்பிக்கு வரேன்.

முதல் ஆறு மாசம் யாராலும் கண்டுபிடிக்க முடியலை. ஆபீஸில் ரெண்டு பேர் விலை கேட்டாங்க. ஒரு வருஷத்தில் செயின் கண்ணிகளின் மூலையில் வெள்ளையாக ஒரு புள்ளி. பீங்கான் என்று சொன்னது கறுப்புப் பூச்சு போட்ட ஸ்டீல். மேஜை விளிம்பில் உரசும் பக்கம் முதலில் போச்சு, அப்புறம் சட்டைக் கை படுற பக்கம். மூணாவது வருஷம் கண்ணாடியில் மழைத் தூறல் மாதிரி கீறல்கள். ஒரு மழைக்காலத்தில் கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிஞ்சு, வெயிலில் வெச்சு எடுத்தேன். எங்க ஊர் மே மாச வேர்வைக்கு பின் மூடி அரிச்சு, மணிக்கட்டில் வட்டமா ஒரு சொறி. தோல் டாக்டர் பார்த்துட்டு, நிக்கல் ஒத்துக்கலை, கழட்டுங்க என்றார். கழட்டலை, உள்பக்கம் பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டேன். கஞ்சத்தனம் ஒரு கலை. 2022ல் செயின் ஊசி ஒடிஞ்சு பஸ் படியில் விழுந்தது, அதோடு ஓய்வு கொடுத்துட்டேன்.

ஆனா ஒரு நியாயம் சொல்லியாகணும். ஒன்பது வருஷமும் மணி சரியாகக் காட்டியது! உள்ளே இருந்தது சல்லிசான குவார்ட்ஸ் மெஷின். நொடிக்கு 32,768 தடவை அதிரும் படிகம். மாசத்துக்குப் பத்து, இருபது நொடி முன்னே பின்னே போகும், அவ்வளவுதான். லட்ச ரூபாய் ஆட்டோமேடிக் வாட்ச் ஒரே நாளில் சில நொடி தப்பும். 1969 டிசம்பர் 25ல் சீக்கோ அஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் வந்து, பிறகு குவார்ட்ஸ் மலிவானதிலிருந்தே, சரியான நேரம் என்பது பணக்காரன் சொத்தாக இல்லை. அதனால நேரத்தை வெச்சுப் போலியைக் கண்டுபிடிக்கலாம்னு நினைக்காதீங்க, ஏமாந்துடுவீங்க.

போலி என்றதும் எல்லாரும் சீனாவைக் கை காட்டுவாங்க. அது அரை உண்மை. 18ஆம் நூற்றாண்டில் லண்டன் கடிகாரத்துக்குத்தான் மவுசு. அப்போ லண்டன் பெயரைப் பொறிச்சு ஏகப்பட்ட போலிகள் வந்தன. 'டச்சுப் போலி' என்று அவற்றுக்குப் பெயர், ஆனா அதில் நிறைய செஞ்சது சுவிஸ்காரங்க. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கம்பெனிகள் மேலே வந்தபோது, அமெரிக்கப் பெயர் மாதிரி தோணுகிற பெயரோடு அவங்க ஊருக்கே சரக்கு அனுப்பினதும் அதே சுவிஸ்காரங்கதான். திருட்டுத் தொழிலில் தேர்ந்தவர்தான் பூட்டு நல்லாச் செய்வார் போல :-)

இப்போ குடும்பக் கதை. எங்க சித்தப்பா 1982ல் சவூதிக்கு வெல்டிங் வேலைக்குப் போனார். 1986ல் லீவில் வரும்போது கையில் சாம்பல் நிற டயாஸ்டார். பெரியப்பா அதைப் பார்த்ததும் சொன்ன வார்த்தை, "என்னடா, பர்மா பஜார்ல இறங்கிட்டுத்தான் வீட்டுக்கு வந்தியா?" விளையாட்டாச் சொன்னதுதான். ஆனா முப்பது வருஷம், ஒவ்வொரு கல்யாணத்திலும் காதுகுத்திலும் சொன்னார். சித்தப்பா சிரிச்சுக்கிட்டே சட்டைக் கையை இறக்கி விட்டுக்குவார். 2021ல் அவர் போய்ச் சேர்ந்தார். மறு வருஷம் சித்தி அந்த வாட்சைக் கைக்குட்டையில் மடிச்சு என்கிட்ட கொடுத்து, "நீ ஏதோ இதையெல்லாம் பார்ப்பியாமே. நிஜமா இல்லையான்னு மட்டும் சொல்லு" என்றாங்க. விக்கிறதுக்கா என்று கேட்டேன். பதில் இல்லை.

முதலில் வெறும் கண்ணால் பார்த்தேன். போலி ஒரே சீராகக் கிழடாகும், என்னுடையது மாதிரி. டயாஸ்டார் அப்படி இல்லை. மேல் கூடு நேத்து வாங்கினது போல இருக்க, ஸ்டீல் செயினும் பின் மூடியும் கீறல் மயமா இருந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது, ஆனா விளிம்பில் அரிசி நொய் அளவு சில்லு தெறிச்சிருந்தது. கடினமான பொருள் கீறாது, அடிபட்டா தெறிக்கும். இதுவும் பீங்கான் ஊரில் சொல்லித் தர வேண்டாத பாடம். ஒரு சொட்டுத் தண்ணி விட்டேன், பரவாமல் முத்தாக நின்றது. நீலக்கல்லுக்கு அது ஒரு அடையாளம், ஆனா பூச்சு போட்டும் அப்படி நிறுத்தலாம், அதனால முழுசா நம்பலை.

அடுத்து எங்க ஊர் சோதனை. பழைய பியூஸ் கேரியரின் அடியில் கிளேஸ் ஏறாத சொரசொரப்பான இடம் இருக்கும். அதில் ஸ்டீலைத் தேய்ச்சா பென்சில் கோடு மாதிரி சாம்பல் கோடு விழும். என் போலியைத் தேய்ச்சேன், விழுந்தது. சித்தப்பா வாட்சின் கூட்டை, செயின் மறைக்கிற விளிம்பில், லேசாகத் தேய்ச்சேன். கோடு விழலை, பீங்கானில் வெள்ளையாகக் கீறல் விழுந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லலை. (நீங்க வீட்டில் செஞ்சு பார்த்துட்டு எனக்கு ஆட்டோ அனுப்பாதீங்க.)

ஆனா டயலைப் பார்த்ததும் சுருதி இறங்கிடுச்சு. ரேடோ ஆட்டோமேடிக்கில் 12 மணிக்குக் கீழே குட்டி நங்கூரம் இருக்கும். அது கையை அசைச்சா ஊஞ்சல் மாதிரி ஆடணும். அதன் எண்ணெய் காய்ஞ்சு ஆடாமல் நின்னா, சர்வீஸுக்குக் கொடு என்று அர்த்தம். இதில் ஆடலை. காய்ஞ்சதால் இல்லை, பசை போட்டு ஒட்டியிருந்தது. எழுத்தும் கொஞ்சம் தடிமன், நிமிஷக் கோடுகள் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றன. தெரிஞ்ச ரிப்பேர்க்காரர் பின் மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸ் மாட்டிப் பார்த்தார். மெஷின் ஒரிஜினல், ஈ.டி.ஏ. முத்திரை இருக்கு. டயல் மட்டும் எவனோ மாத்தி, பெயிண்ட் அடிச்சிருக்கான் என்றார். சித்தியிடம் கேட்டேன். தொண்ணூறுகளில் ஒரு மழையில் வண்டியோடு விழுந்து வாட்சுக்குள் தண்ணி போய், எங்கேயோ கொடுத்து ரிப்பேர் பண்ணினாராம். ரெண்டு மாசம் கழிச்சுத்தான் திரும்பி வந்ததாம். அந்த ரெண்டு மாசத்தில் டயல் வேற கைக்குப் போயிருக்கும்.

சித்தி ட்ரங்குப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாங்க. 1986, மீனம்பாக்கம், சுங்க வரி ரசீது. சித்தப்பா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முப்பத்தஞ்சு வருஷம் வெச்சிருக்கார். 123ஆம் பிரிவு ஞாபகம் இருக்கா? யாராவது வந்து கேட்டா காட்டணும் என்ற பயம். அதில் கம்பெனிப் பெயரெல்லாம் இல்லை, கைக்கடிகாரம் ஒன்று, அவ்வளவுதான். பெரியப்பா வாயை அடைக்க அதையாவது எடுத்துக் காட்டியிருக்கலாம், மனுஷன் காட்டவே இல்லை.

உள்ளதை உள்ளபடி சொன்னேன். கூடு நிஜம், கண்ணாடி நிஜம், மெஷின் நிஜம், டயல் பொய் என்று. விக்கப் போனா டயலைக் காட்டி விலையைக் குறைப்பாங்க என்றும் சொன்னேன். சித்தி அதையெல்லாம் காதில் போட்டுக்கலை.

"அவர் வாங்கும்போது?"

"வாங்கும்போது முழுசும் நிஜம்தான் சித்தி."

வாட்சை வாங்கித் திரும்பக் கைக்குட்டையில் மடிச்சாங்க. அப்புறம் என் போனைக் கேட்டு, பெரியப்பா நம்பரைப் போட்டுத் தரச் சொன்னாங்க. நான் வெளியே திண்ணைக்கு வந்துட்டேன். முக்கால் மணி நேரம் பேசினாங்க.