சுக்கானும் பயனுறு நீர்க்கோட்டு நீளமும்

படகு அசையாமல் மிதக்கும்போது அதன் உடல் நீர்மட்டத்தைத் தொடும் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடைப்பட்ட தொலைவு நீர்க்கோட்டு நீளம். ஓடும்போது அலையெழுப்புவதில் பங்குகொள்ளும் நீளமே பயனுறு நீர்க்கோட்டு நீளம். படகு சாய்வதாலும் பின்னலை எழுவதாலும் இது அளந்த நீளத்தைவிடக் கூடலாம். சிறிய பாய்மரப் படகுகளில் சுக்கானின் இடமும் வடிவமும் இதை ஓரளவு மாற்றும்.

அலையும் வேகமும்

படகின் வேகம் கூடும்போது அது எழுப்பும் அலையின் நீளமும் கூடுகிறது. அலைநீளம் நீர்க்கோட்டு நீளத்தை எட்டியபின் நீரின் எதிர்ப்பு மிக விரைவாக உயரும். மீட்டரில் அளந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்கினால், இந்த எல்லை வேகம் ஏறத்தாழ எத்தனை நாட் என்பது தெரியும். அலை எதிர்ப்பை மாதிரிக் கப்பல்கள் கொண்டு ஆராய்ந்து இத்துறைக்கு அடித்தளமிட்டவர் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃப்ரௌடு (1810–1879). நீர்மேல் சறுக்கி ஓடும் லேசர் போன்ற இலகு படகுகள் இந்த எல்லையைத் தாண்டிவிடும்.

வெளிச்சுக்கான்

1942இல் ஸ்வீடனில் உருவான நோர்டிக் ஃபோக்போட்டில் சுக்கான் பின்பலகையின் வெளிப்புறத்தில் கீல்களில் தொங்குகிறது. அதன் மொத்த நீளம் 7.68 மீ., நீர்க்கோட்டு நீளம் 6 மீ., எல்லை வேகம் ஏறக்குறைய 5.95 நாட். சுக்கான் 30 செ.மீ. நீளத்தை முழுமையாகக் கூட்டுவதாகவே வைத்துக்கொண்டாலும் வேகம் 2.5 விழுக்காடுதான், அதாவது சுமார் 0.15 நாட்தான், கூடும். மெல்லிய சுக்கான் தகடு விலக்கும் நீர் மிகக் குறைவு. பின்னலையை அது பெரிதாக நகர்த்தாது. ஆகவே உண்மை ஆதாயம் இதனினும் சிறியது.

வெளிச்சுக்கானின் தெளிவான நன்மை வேறு. சுழல்மையத்திலிருந்து தொலைவில் இருப்பதால், சிறிய கோணத்திலேயே படகைத் திருப்பும், இழுவை குறையும். ஆனால் நீர்ப்பரப்பைக் கிழித்து நிற்பதால், கூடுதலாகத் திருப்பும்போது தகட்டின் ஓரமாகக் காற்று உள்ளிறங்கிப் பிடிப்பு தளரலாம்.

உட்சுக்கான்

படகின் அடியில் பொருத்திய சுக்கானுக்கு மேலே உள்ள உடலே மூடியாக அமைந்து அதன் திறனைக் கூட்டுகிறது. காற்று எளிதில் புகாது. சுக்கானின் இடம் பின்னுடல் வடிவத்தையும் மாற்றவல்லது என்பதற்கு, அளவில் பெரியதாயினும், 12 மீட்டர் வகுப்பைச் சேர்ந்த இன்ட்ரெபிட் சிறந்த சான்று. ஓலின் ஸ்டீபன்ஸ் அதில் சுக்கானை அடிக்கட்டையிலிருந்து பிரித்துப் பின்னே கொண்டுபோய், அதற்கு முன்னிருந்த அடிப்பகுதியைப் புடைக்கச் செய்தார். பின்னுடலில் கூடிய அந்தப் பருமன் பயனுறு நீளத்தை வளர்த்தது. இன்ட்ரெபிட் 1967, 1970 ஆகிய இரு ஆண்டுகளிலும் அமெரிக்கா கோப்பையைக் காத்தது.

மதிப்பீடு

படகு அளவீட்டுக்கான ஐ.எஸ்.ஓ. 8666 தரநிலை, கழற்றக்கூடிய சுக்கானை உடல் நீளத்தில் சேர்ப்பதில்லை. இயற்பியல் நோக்கிலும் அது பொருத்தமே: பயனுறு நீளத்தைத் தீர்மானிப்பது பின்னுடலின் பருமனும் நீர் அதைவிட்டுப் பிரியும் விதமுமே. சுக்கானைத் தேர்ந்தெடுக்கும்போது திருப்புதிறன், குறைந்த இழுவை, உறுதி ஆகியவற்றையே முதலில் கருத வேண்டும்.